அபராதம் கட்டியவருக்கு மாலை மரியாதை

தம்பி,

ஞாயிற்றுக்கிழமை நீ பேசிக்கொண்டிருந்தபோது கரண்டு போய்விட்டது என்று சொல்லி நான் போனை வைத்தேனே, அது பச்சைப் பொய். ஃபேன் என் தலைக்கு மேலே சுற்றிக்கொண்டுதான் இருந்தது. கரண்டு போனால் செல்போன் ஏன் அணைய வேண்டும் என்று நீயும் கேட்கவில்லை. பெரிய பெரிய கம்பெனிகளின் வக்கீல்களை உட்காரவைத்துக் கேள்வி மேல் கேள்வி கேட்கிற பிள்ளை, அம்மா பொய் சொன்னால் மட்டும் விட்டுவிடுகிறாய். நீ கேட்டதற்கு வாயால் பதில் சொன்னால் என் குரல் காட்டிக்கொடுத்துவிடும் என்று பயந்துதான் வைத்தேன். அதனால்தான் இப்போது எழுதுகிறேன். அங்கன்வாடியில் இருந்த காலத்தில் பிள்ளைகளின் எடையையும் உயரத்தையும் எழுதிப் பழகிய கை இது. இத்தனை நீளமாக எழுதி ரொம்ப நாளாகிவிட்டது, கோணல்மாணலாகத்தான் வரும், பொறுத்துக்கொள்.

நீ கேட்டது எனக்கு மனப்பாடமாகிவிட்டது. ஒரு பெரிய கம்பெனி சென்னையில் தன் சட்டப் பிரிவுக்கு உன்னைத் தலைவராக வரச் சொல்கிறது. நீங்கள் அபராதம் போட்ட அந்தக் கம்பெனி இல்லை இது. அதற்குப் பங்காளி மாதிரி இன்னொன்று. அரசாங்க ஆபீசில் இப்போது நீ வாங்குவதைப் போலப் பல மடங்கு சம்பளம். கார், வீடு எல்லாம் அவர்களே தருகிறார்கள். ராத்திரி பஸ் ஏறினால் விடியும்போது நம் வாசலில் இறங்கிவிடலாம். "நீ வான்னு ஒரு வார்த்தை சொல்லும்மா, சித்திரைக்குள்ள வந்துடறேன்" என்றாய். முடிவை என் மடியில் இறக்கி வைத்துவிட்டாய். எனக்குக் கோபம்தான் வந்தது. வான்னு சொல்ல எந்தத் தாய்க்குக் கசக்கும்?

இந்தக் கடிதத்தை ஒரு பத்திரிகைக்கும் அனுப்பப் போகிறேன். பதறாதே. உன் பெயரோ என் பெயரோ, நீ வேலை பார்க்கிற அந்த மழைக்கார ஊரின் பெயரோ இதில் இல்லை. வலங்கைமானுக்கு அந்தப் பக்கம் ஓர் ஊர், அவ்வளவுதான். கீழே சபாபதி என்று ஒருவர் வருவார், அதுவும் நான் வைத்த பெயர். முதலில் உனக்குத்தான் அனுப்புகிறேன். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் கிழித்து அடுப்பில் போட்டுவிடுவேன். வெளிநாட்டில் பிள்ளையை வைத்துக்கொண்டு, வா என்பதா இரு என்பதா என்று தெரியாமல் முழித்துக்கொண்டிருக்கிற அம்மாக்கள் நம் பக்கத்தில் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். அவர்களும் படிக்கட்டுமே என்று பார்க்கிறேன்.

நீ அந்த ஆபீசில் சேர்ந்த புதிதில் எனக்கு அது ஒரு வேலையாகவே தோன்றவில்லை. ஜனங்களைப் பற்றிய விவரங்களை அவர்களைக் கேட்காமல் எடுக்கிற, எடுத்ததை விற்கிற கம்பெனிகளைப் பிடித்து விசாரித்துத் தண்டம் போடுகிற ஆபீஸ் என்று நீ விளக்கினாய். நான் சிரித்தேன். நம் தெருவில் எவருக்கு என்ன ரகசியம் இருக்கிறது? யார் வீட்டில் கருவாட்டுக் குழம்பு என்று வாசனையே சொல்லிவிடும். எந்த வீட்டுப் பெண் முழுகாமல் இருக்கிறாள் என்பது அவள் மாமியாருக்குத் தெரிவதற்கு முன்னால் பால்காரருக்குத் தெரிந்துவிடும். இதற்கெல்லாமா ஒரு ஆபீஸ், அதற்கு ஒரு ஆபீசர் என்று உன் அப்பாவிடம் கேலி பேசிக்கொண்டிருந்தேன். அவர் வழக்கம்போல, பிள்ளைக்குக் குளிருமோ என்று அதை மட்டும்தான் கேட்டார்.

போன தடவை நீ லீவில் வந்திருந்தபோது கும்பகோணத்தில் மாமா மகள் கல்யாணம் நடந்ததே, ஞாபகம் இருக்கிறதா? மண்டப வாசலில் போட்டோக்காரர் கறுப்புக் கட்டங்கள் போட்ட ஒரு அட்டை வைத்திருந்தார். அதைப் போனுக்குக் காட்டி நம் முகத்தையும் காட்டினால், நாம் இருக்கிற படங்களை எல்லாம் அதுவே பொறுக்கி அனுப்பிவிடுமாம். மாப்பிள்ளை வீடு, பெண் வீடு எல்லாம் வரிசையில் நின்று மூஞ்சியைக் காட்டிக்கொண்டிருந்தது. நானும் புதுப் பட்டுப்புடவையோடு நின்றேன். நீ பந்தியிலிருந்து கை கழுவிக்கொண்டு வந்து அந்தப் போட்டோக்காரரின் பக்கத்தில் உட்கார்ந்தாய். இந்த முகமெல்லாம் எங்கே போகிறது, கல்யாணம் முடிந்த பிறகு என்ன ஆகிறது என்று கேட்டாய். அவருக்குப் பாவம் எதுவும் தெரியாது, கம்பெனி கொடுத்தது, வைத்திருக்கிறேன் என்றார். நீ அதட்டவில்லை, உபதேசமும் பண்ணவில்லை. அவர் போனை அவர் கையிலேயே வைத்துக்கொண்டு, படங்களை எல்லோருக்கும் அனுப்பி முடித்ததும் முகங்களை அழித்துவிடுவது எப்படி என்று பொறுமையாகக் காட்டிக்கொடுத்தாய். கல்யாணத்துக்கு வந்த இடத்தில் விசாரணைக் கமிஷன் வைத்துவிட்டான் என்று மாமா தலையில் அடித்துக்கொண்டான். எனக்கும் அன்றைக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. இன்றைக்கு அதை நினைத்தால் பெருமையாக இருக்கிறது.

என் சிரிப்பு எப்போது நின்றது என்று உனக்குச் சொல்ல வேண்டும். என் வயிற்றில் ஒரு கட்டி வந்ததும் அது சாதாரணக் கட்டி என்று தெரிந்ததும் உனக்குத் தெரியும். ஆனால் அது வீட்டில் எப்படி வெளியே வந்தது என்று உனக்கு யாரும் சொல்லவில்லை. கும்பகோணத்தில் ஸ்கேன் எடுத்துவிட்டு, கர்ப்பப்பையில் கட்டி இருக்கிறது, எதற்கும் சோதனைக்கு அனுப்பிப் பார்க்கலாம் என்றார்கள். முடிவு வரும்வரை யாரிடமும் சொல்வதில்லை என்று நினைத்துக்கொண்டேன். சம்பாப் பயிர் கதிர் தள்ளுகிற நேரம், உன் அப்பா வயலும் வீடுமாக அலைந்துகொண்டிருந்தார். மனசு அடித்துக்கொண்டதால் கொல்லைப்பக்க அறையில் கதவைச் சாத்திக்கொண்டு, போனிடம் மெல்லக் கேட்டேன், இந்தக் கட்டி என்ன ஆகும் என்று. நான் கேட்ட ஒரே ஆள் அந்தப் போன்தான். அடுத்த நாளோ அதற்கு மறுநாளோ உன் மாமா வந்தான். நெல் விலை பார்க்கிறேன் என்று என் போனை வாங்கினான். உன் அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். போனில் நெல் விலை வருவதற்கு முன்னால் கர்ப்பப்பை ஆபரேஷன் விளம்பரம் வந்தது, அதற்குக் கீழே ஆஸ்பத்திரி, அதற்கும் கீழே நகைக்கடன். "என்னக்கா இது, யாருக்குக் கட்டி?" என்று கூடத்தின் நடுவில் நின்றுகொண்டு கேட்டான்.

உன் அப்பா சோற்றில் வைத்த கையை எடுக்காமல் என்னை நிமிர்ந்து பார்த்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் என்னை அப்படிப் பார்த்ததில்லை. இவ்வளவு பெரிய விஷயத்தை என்னிடம் மறைத்துவிட்டாயே என்கிற பார்வை அது. நான் மறைக்கவில்லை தம்பி, நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். எந்த நாள், எந்த வேளையில், எப்படி ஆரம்பித்துச் சொல்வது என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்ல வேண்டியவள் நான். அந்த உரிமையை எவனோ பிடுங்கிக்கொண்டு போய் நகைக்கடன்காரனிடம் கொடுத்துவிட்டான். பக்கத்து வீட்டு சரோஜாவுக்கு என் கட்டியைப் பற்றித் தெரிந்திருந்தால் அவள் மிளகு ரசம் வைத்து எடுத்துக்கொண்டு வந்திருப்பாள். அவள் வீட்டுச் சங்கதி எனக்கும் தெரியும், நாளைக்கு அவளுக்கு ஒன்று என்றால் நானும் ஓடுவேன். இந்தக் கம்பெனிக்கு என் கர்ப்பப்பை வரைக்கும் தெரிந்திருக்கிறது, எனக்கு அதன் வாசல் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடத் தெரியாது. அன்று உன்னைக் கூப்பிட்டு இந்த மாதிரி ஆட்களைப் பிடித்து உள்ளே போடு என்று கத்தினேன். எதற்குக் கத்துகிறேன் என்று நீ கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை. உள்ளே போட முடியாதும்மா, அபராதம்தான் போடுவோம் என்று நீ சொன்னதும் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

ஏன் என்று உனக்குத் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மேட்டூர் அணையைத் தாமதமாகத் திறந்த ஒரு வருஷம், ஆற்றில் பாதித் தண்ணீர்தான் வந்தது. எங்கள் வாய்க்காலில் முறை வைத்தார்கள், கொஞ்ச நாள் மேலே இருக்கிற வயல்களுக்கு, கொஞ்ச நாள் கடைமடைக்கு. கடைமடை என்பது வாய்க்காலின் கடைசி. எல்லோரும் பாய்ச்சியது போக மிச்சம்தான் அங்கே வரும். எங்கள் நிலம் அங்கேதான். கூலிக்கு நடவு நட்ட குடும்பம் கையைக் கட்டி வாயைக் கட்டி நிலம் வாங்கினால் வேறு எங்கே கிடைக்கும்? சபாபதிக்கு நிலம் தலைமடையில், வாய்க்கால் தொடங்குகிற இடத்தில். எங்கள் முறையன்று அவர் ஆள் விட்டு மடைப்பலகையைத் தூக்கி, தண்ணீரைத் தன் வயலுக்குத் திருப்பிக்கொண்டார். ஊர்க்கூட்டம் கூடி அபராதம் போட்டது. மடியிலிருந்து எடுத்து அங்கேயே கட்டினார், முகத்தில் சிரிப்புக்கூடக் குறையவில்லை. எங்கள் ஊரில் அபராதப் பணம் மாரியம்மன் திருவிழாவுக்குப் போகும், அது பழைய வழக்கம். போயிற்று. திருவிழா நோட்டீசில் உபயதாரர் என்று அவர் பெயரை அச்சடித்தார்கள். சன்னதியில் அவருக்குப் பரிவட்டம் கட்டி மாலை போட்டார்கள், நாதஸ்வரக்காரர் எழுந்து நின்று வாசித்தார். எங்கள் தண்ணீரை எடுத்துக்கொண்டவருக்கு எங்கள் கண்ணெதிரில் முதல் மரியாதை. இப்படி ஒரு கூத்தை நம் ஊர்க்காரர்களைத் தவிர வேறு யாராலும் செய்ய முடியாது.

அவர் ஏன் நிறுத்துவார்? அடுத்த முறையிலும் பலகையைத் தூக்கினார், அடுத்த அபராதத்தையும் கட்டினார். அவருக்கு அது தண்டனை இல்லை, தண்ணீரின் விலை. நம் நடவு வயல் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. பெண்கள் ஊர்க்கூட்டத்தில் பேசுகிற வழக்கமில்லை, இருந்தாலும் நான் எழுந்து, "அபராதம் வேணாங்க. எங்க தண்ணிய எங்களுக்குத் திருப்பி விடச் சொல்லுங்க" என்றேன். பணத்தைத்தான் கட்டிவிட்டாரே, அப்புறம் என்னம்மா என்று கேட்டார்கள். அதற்கு மேல் நான் வாதாடவில்லை. நடவுக்குப் போகிற பெண்கள் எல்லோரும் என் கூட்டாளிகள்தானே. அவர் வயலில் ஒருத்தியும் கால் வைக்கவில்லை. நாற்றங்காலில் அவர் நாற்று முற்ற ஆரம்பித்த பிறகுதான் ஊருக்குப் புத்தி வந்தது. யார் முறையை யார் எடுத்தாலும் எடுத்தவர் தன் அடுத்த முறையை இழக்க வேண்டும், அந்தத் தண்ணீர் பறிகொடுத்தவருக்குப் போக வேண்டும் என்று கட்டுப்பாடு போட்டார்கள். அப்படியும் எங்கள் முறை வரும்போதெல்லாம் நாங்கள் மடையில் போய் உட்கார்ந்து பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது.

இதை வைத்துத்தான் நீ கம்பெனிக்காரர்களை மடக்கினாய், அம்மா சொல்லிக்கொடுத்த பாடம் என்று உன் மாமா டீக்கடையில் கதை கட்டிவிட்டிருக்கிறான். எனக்கு வேண்டாமப்பா இந்தப் பெருமை. அந்த வருஷம் நீ திருச்சியில் சட்டம் படித்துக்கொண்டிருந்தாய். வாய்க்கால் சண்டையைப் பற்றிச் சொல்ல நான் போன் பண்ணும்போதெல்லாம், பரீட்சை இருக்கும்மா என்று பாதியில் வைத்துவிடுவாய். நீ உன் வழியில் படித்து, உன் வழியில் யோசித்து, நீயாகவே அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தாய். அதனால்தான் எனக்கு உன்மேல் இத்தனை மதிப்பு. என் பிள்ளை என்பதால் அல்ல. வேறு யார் வீட்டுப் பிள்ளையாக இருந்தாலும் எழுந்து நின்று கும்பிட்டிருப்பேன்.

உன் வழக்கு என் கட்டிக்கு முன்னாலேயே தொடங்கிவிட்டது. யார் எதைத் தேடுகிறார்கள், எந்த ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிறார்கள் என்று பார்த்து, இவருக்கு இன்ன வியாதி, இவள் கர்ப்பம் என்று கணக்குப் போட்டு விளம்பரக்காரர்களுக்கு விற்கிற கம்பெனி. வேண்டாம் என்று பொத்தானை அமுக்கியவர்களையும் விடவில்லை என்பதுதான் உங்கள் குற்றச்சாட்டு. வழக்கு நடந்த அத்தனை காலமும் நீ பேப்பரில் வந்ததற்கு மேல் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. நான் தூண்டில் போட்டுப் பார்த்தும் நீ சிக்கவில்லை. தீர்ப்பில் எல்லாம் வெளியான பிறகுதான் ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னாய். நடுவில் அவர்கள் ஒரு பேச்சுக்கு வந்தார்களாம். நீங்கள் போட்ட அபராதம் முழுவதையும் மறுபேச்சில்லாமல் நாளைக்கே கட்டுகிறோம், எடுத்த விவரங்களை அழிக்க வேண்டும் என்கிற உத்தரவை மட்டும் விட்டுவிடுங்கள் என்றார்களாம். உங்கள் ஆபீசிலேயே நிறையப் பேருக்கு அது நியாயமாகப் பட்டதாம். அவ்வளவு பெரிய தொகை, உலகம் முழுக்கச் செய்தி, ஆபீசுக்கு நல்ல பெயர். நீதான் முடியாது என்று நின்றாயாம். பணத்தைக் கட்டிவிட்டு அந்த விவரங்களை வைத்துக்கொண்டால் அவர்கள் அதை விலைக்கு வாங்கியதாகத்தானே அர்த்தம் என்று கேட்டாயாம். நீ அதைச் சொன்னபோது நான் அடுப்படியில் குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தேன். அப்படியே கரண்டியோடு உட்கார்ந்துவிட்டேன்.

அப்பீல் கோர்ட்டில் அபராதம் பாதிக்கு மேல் குறைந்துபோனது. அழிக்கும் உத்தரவு மாறாமல் நிலைத்தது. இங்கே பேப்பரில் முதல் பாதிதான் வந்தது. "தம்பி தோத்துட்டானாமேக்கா" என்று மாமா துக்கம் விசாரிக்க வந்துவிட்டான். நான் அவனை உட்காரவைத்துக் காபி கொடுத்து, தோற்றவன் எவன் என்று பிறகு சொல்கிறேன், முதலில் குடி என்றேன். அன்று சாயங்காலம் நீ பேசினாய். உன் குரலில் ஒரு சொட்டு வருத்தம் இல்லை. இனிமேல்தாம்மா வேலையே இருக்கு, அழிச்சோம்னு எழுதிக் கொடுத்துடுவாங்க, நெஜமா அழிச்சாங்களான்னு ஒவ்வொன்னா போய்ப் பார்க்கணும் என்றாய். அது வருஷக்கணக்கில் ஆகும் என்றாய். அந்தக் கம்பெனியின் உள்ளும் புறமும் உங்களுக்குள் நான்கைந்து பேருக்குத்தான் தெரியும் என்றும் சொன்னாய். சொன்னது நீதான், நான் மறக்கவில்லை.

இப்போது அந்த நான்கைந்து பேரில் ஒருவனை எதிர்ப்பக்கம் கூப்பிடுகிறார்கள். உள்ளே இருந்துகொண்டும் நல்லது செய்யலாம்மா, ஒழுங்கா நடக்கவைக்கலாம் என்று ஞாயிற்றுக்கிழமை நீ சொன்னாய். செய்யலாம்தான். அங்கே வேலை பார்க்கிறவர்கள் எல்லோரும் கெட்டவர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது, நம் தெருப் பிள்ளைகளே எத்தனை பேர் அப்படிப்பட்ட கம்பெனிகளில் இருக்கிறார்கள். ஆனால் உனக்கே நம்பிக்கை இல்லாததைச் சொல்லும்போது நீ வேகமாகப் பேசுவாய். சின்ன வயதிலிருந்து அப்படித்தான். அன்று ரயில் ஓடுகிற மாதிரி பேசினாய். மாமா உன்னைக் கூப்பிட்டு என் முழங்கால் வலியைப் பற்றிச் சொன்னதாகப் பிறகுதான் தெரிந்தது. அவன் கணக்கு வேறு. "அபராதம் போடறவன் கையில என்னக்கா இருக்கு, கட்டறவன்கிட்டதான் காசு இருக்கு" என்று என்னிடமே சொன்னான். கெட்டவன் இல்லை, அக்கா கஷ்டப்படுகிறாளே என்று அவனுக்கு.

ஆகவே உனக்குச் சம்பளம் பெரிதில்லை, எங்களுக்காகத்தான் வருகிறாய். அப்படியானால் எங்களைப் பற்றி முழுவதும் உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். எல்லாம் தெரிந்து கொடுத்தால்தான் அது சம்மதம், பாதியை மறைத்து வாங்கினால் செல்லாது என்று நீதானே சொல்வாய். மாமா சொன்னது என் முழங்கால் மட்டும். அவன் சொல்லாத ஒன்று இருக்கிறது. தை மாதம் அறுவடை சமயத்தில் உன் அப்பா குளியலறையில் விழுந்துவிட்டார். எலும்பு முறியவில்லை, ஆனால் இடுப்பில் நல்ல அடி. தெருவே வயலில் இருந்தது. நான் ஒருத்தியாக அவரைத் தூக்கப் பார்த்து முடியாமல், அவர் தலையை என் மடியில் வைத்துக்கொண்டு அந்த ஈரத்தில் உட்கார்ந்திருந்தேன். சரோஜா வரும்வரை உன் பெயரைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அவரும்தான். இப்போது கம்பு ஊன்றி நடக்கிறார். வீடியோவில் நீ பேசும்போது நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல் சமாளித்துவிடுகிறார்.

உன்னிடம் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார். விழுந்தது அவர், அதனால் அதைச் சொல்வதும் சொல்லாததும் அவர் உரிமை. எனக்கு நேர்ந்தது அவருக்கும் நேரக் கூடாது என்று, எழுதட்டுமா என்று கேட்டேன். கம்பை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். வெகுநேரம் கழித்து வந்து, "எழுது. நாளைக்கு மாமன் சொல்லி அவனுக்குத் தெரியறதுக்கு, நம்மளே சொல்லிடுவோம்" என்றார். எழுதிவிட்டேன். இப்போது உனக்கு எல்லாம் தெரியும். அந்தக் குளியலறையில் கைப்பிடி வைத்தாயிற்று. சரோஜாவின் மருமகள் காலையும் மாலையும் வந்து எட்டிப் பார்க்கிறாள். மாமா வாயாடியே தவிர, கூப்பிட்டால் பாதிச் சோற்றில் எழுந்து வருகிறவன். இவையெல்லாம் உனக்கு ஈடாகுமா என்று கேட்டால், ஆகாது.

ஜனங்களின் விவரங்களைக் காப்பாற்ற நம் நாட்டிலும் சட்டம் வந்துவிட்டது என்கிறார்கள். அதைக் கையில் எடுத்து நடத்த இங்கேயும் ஆள் தேவைப்படும். உன் வேலையை முடித்துவிட்டு அதற்காக ஒருநாள் நீ வந்தால், பஸ் நிலையத்துக்கே நான் முழங்காலை இழுத்துக்கொண்டு வந்து நிற்பேன். அதுவரை நானும் உன் அப்பாவும் இருப்போமா என்பது நம் கையில் இல்லை. இருப்போம் என்று நான் பொய் சொல்ல மாட்டேன், இந்தக் கடிதத்தில் ஒரு பொய்யும் வேண்டாம் என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன். என் கட்டியைக் கூடத்தில் போட்டு உடைத்த மாதிரி, முகம் தெரியாத ஊரில் யாரோ ஒருத்தியின் விஷயத்தையும் போட்டு உடைத்திருப்பார்கள். அவளுக்கு உன் பெயர் தெரியாது. அவளுக்காக நீ அங்கே உட்கார்ந்திருக்கிறாய் என்பதை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிறைகிறது. என்னை விட்டுவிட்டு அவளைப் பார்க்கிறானே என்று பொறாமையாகவும் இருக்கிறது. இரண்டும்தான்.

இதுவரை எழுதியதை உன் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். தூங்கிவிட்டார் என்று நினைத்தேன். கடைசியில் என்ன எழுதப்போகிறாய் என்று கேட்டார். வர வேண்டாம் என்றுதான் என்றேன். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எழுது. ஆனா அப்பா சொல்லல, அம்மாதான் சொன்னான்னு எழுது" என்றார்.

அப்பா சொல்லவில்லை, தம்பி. நான்தான் சொல்கிறேன். எனக்கு நீ பக்கத்தில் வேண்டும். வராதே.

அம்மா